நான்காம் குழியின் வெள்ளை மண்

எங்கள் ஊர் புன்னக்காயலைத் தாண்டினால் எனக்கு வெளிநாடு. கொழும்புக்கு மூன்று தடவை தோணியில் போயிருக்கிறேன். அது வெளிநாடாகத் தோன்றவில்லை. அங்கேயும் கடல்தான், அங்கேயும் மீன் கவிச்சைதான். பஸ் ஏறி மேற்கே போய், ஆற்றுத் தண்ணீரை அள்ளி அப்படியே குடிக்கிற இடத்துக்கு வந்துவிட்டால்தான் நான் பரதேசி. எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நடுநடுவே "சுருக்கமாச் சொல்லுங்க மாமா" என்கிறாள். எழுபத்தெட்டு வயதுக்கு அப்புறம் அதைப் பழக முடியாது.

எஸ்தர் போன் பண்ணினாள். ஞானமுத்துவின் மகள். ஞானமுத்து மணிமுத்தாறுப் பக்கத்து ஆள், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், என்னைவிட நாலு வயது மூப்பு. ஒரு வருஷம் கடலில் சாளை மீனே வரவில்லை. வலை காய்ந்து கிடந்தது. அப்போது எனக்கு இருபத்து மூன்று. வேலை தேடி மேற்கே போன இடத்தில் கரிமேடு என்கிற ஒரு சின்னக் குன்றில் கனிமம் இருக்கிறதா என்று பார்க்க வந்த அதிகாரி ஒருவர் குழி தோண்ட ஆள் எடுத்தார். நான் குழிக்குள் இறங்கித் தோண்டுகிறவன். ஞானமுத்து மேலே உட்கார்ந்து சீட்டு எழுதுகிறவர். அங்கே தொடங்கிய சிநேகம் அவர் சாகிறவரை இருந்தது. எஸ்தர் என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

"சித்தப்பா, அந்த நாலாம் குழி எங்கன இருந்துச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? அதைத் தோண்டுன ஆள்ல நீங்க ஒருத்தர்தான் இருக்கிய."

ஞாபகம் இருக்கிறதாவது. கிளம்பிவிட்டேன்.

வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு பை நெத்திலிக் கருவாடு எடுத்துக்கொண்டேன். அதுதான் தப்பு. திருநெல்வேலி வருகிறவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, எல்லாம் நம் பக்கத்துச் சனம். அங்கே மாறி ஏறிய பஸ்ஸில் பக்கத்தில் பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மாள் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் மூக்கைச் சுளித்தாள். அப்புறம் முன் சீட்டுக்காரரிடம், "பஸ்ஸுக்குள்ள எலி கிலி செத்துக் கெடக்கோ?" என்று கேட்டாள். அவர் திரும்பி என் மடியைப் பார்த்தார்.

"எலி இல்லம்மா. அண்ணாச்சி மடியில கடலே கெடக்கு."

கண்டக்டர் வந்து, "பெரியவரே, அந்தப் பையைக் கடைசி சீட்டுக்குக் கீழ வச்சிட்டு வாரும்" என்றார். வைத்தேன். பையைப் பார்த்துக்கொள்ள நானும் கடைசி சீட்டுக்கே போனேன். அங்கே காற்று நன்றாக வந்தது. தூங்கிவிட்டேன். கண்டக்டர் எழுப்பியபோது பஸ் காலியாக இருந்தது. எதிரே மலை நின்றது.

"இதுக்கு மேல போனா மாஞ்சோலைதான். நீரு எங்கன போவணும்?"

வாழைத்தார் ஏற்றிய ஒரு லோடு ஆட்டோவில் தார்களுக்கு நடுவே உட்கார்ந்து திரும்பி வந்தேன். ஓட்டுகிறவன் கருவாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இறங்கும்போது மட்டும், "ஒரு பிடி குடுத்தியள்னா ராத்திரிக் கஞ்சிக்கு ஆகும்" என்றான். இரண்டு பிடி கொடுத்தேன்.

எஸ்தருக்கு இப்போது ஐம்பத்தைந்து இருக்கும். தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள், பென்ஷன் கிடையாது. புருஷனும் இல்லை. கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு போகம் விளையும் வயல் ஒன்று இருக்கிறது. அப்பா வைத்துவிட்டுப் போனது. அவள் சாப்பாடு, துணிமணி, பேறுகாலத்துக்கு வரப்போகிற மகளுக்குச் செய்ய வேண்டியது எல்லாம் அந்த வயலில் இருந்துதான்.

அன்று சொதி வைத்திருந்தாள். தேங்காய்ப்பாலில் காய்கறியைப் போட்டு, இஞ்சித் துவையல் தொட்டுக்கொண்டு சாப்பிடுகிறார்கள். எங்கள் ஊரில் இதை மீன் போட மறந்த குழம்பு என்போம். ஆனால் மூன்று தடவை வாங்கி ஊற்றிக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் விஷயத்தைச் சொன்னாள். கரிமேட்டைப் பார்க்க ஒரு கம்பெனி ஆள் அனுப்பியிருக்கிறது, கனிமம் இருந்தால் நிலத்துக்குச் சொந்தக்காரருக்கு நல்ல பணம். கரிமேடு இருக்கும் மானாவாரிக் காடு பக்கத்து வயல்காரர் பரமசிவத்துடையது. அந்தக் காட்டை இவள் எடுத்துக்கொண்டு, இவளுடைய நஞ்சை வயலை அவருக்குக் கொடுக்கப் போகிறாள். பரிவர்த்தனைப் பத்திரம், வெள்ளிக்கிழமை பதிவு. நான் போய் இறங்கியது செவ்வாய்.

"வயலைக் குடுத்துட்டு அந்தக் கரட்டையா வாங்கப் போற?"

"கரடு இல்ல சித்தப்பா. அப்பா எழுதி வச்சிருக்காவ." பைபிளுக்குள் இருந்து ஒரு தாளை எடுத்து வாசித்தாள். அன்றைக்குச் சோதனைக்கு அனுப்பிய கல்லுக்கு வந்த பதிலை ஞானமுத்து பார்த்து எழுதி வைத்தது. முதல் மூன்று குழியிலும் மேலே மட்டும் கனிமச் சரக்கு, கீழே ஒன்றும் இல்லை. நாலாம் குழியில் மேலிருந்து பதினெட்டு அடி வரைக்கும் நல்ல கரும் சரக்கு. "சின்ன இடம்னு அப்ப விட்டுட்டாவளாம். இப்ப சின்ன இடமும் எடுக்காவ. சாகும்போதுகூட அப்பா சொன்னாவ, நாலாம் குழியை மறந்திராதட்டின்னு."

எனக்குப் பெருமையாக இருந்தது. நான் தோண்டிய குழி.

மறுநாள் புதன். காலையில் கம்பெனி அனுப்பிய பிள்ளை வந்தாள். நிவேதா என்று பேர். சேலத்துப் பெண். பாறை படித்தவள். இடுப்பில் சுத்தியல், கயிற்றில் கட்டிய காந்தம், உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்று, மருந்துக்கடைப் பாட்டில் ஒன்று. என்னைப் பார்த்ததும், "தாத்தா, நீங்க தோண்டுன குழியாமுங்க?" என்றாள். ஆமாம் என்றேன். வணக்கம் சொன்னாள்.

கரிமேட்டில் கால் வைத்ததும் பழைய வாசனை. அங்கே கிடக்கிற கல்லைக் கையில் எடுத்தால் கனம் தெரியும், உள்ளங்கை கரியாகும். அன்றைக்கு நாங்கள் வேலை முடித்து ஆற்றில் எவ்வளவு தேய்த்தாலும் கை வெளுக்காது. கோயிலில் நற்கருணை வாங்க நாக்கை நீட்டுவதா கையை நீட்டுவதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் குழப்பமே வந்தது. அதிருக்கட்டும்.

நிவேதா இரண்டு கல்லை எடுத்தாள். ஒன்றை ஓட்டில் தேய்த்தாள், செங்கல்பொடி மாதிரிக் கோடு விழுந்தது. "இது இரும்பு." மற்றதைத் தேய்த்தாள், அடுப்புக்கரிக் கோடு. அதன்மேல் பாட்டிலில் இருந்து இரண்டு சொட்டு விட்டாள். புண்ணுக்குப் போடுவோமே, நுரைக்கிற மருந்து, அதேதான். கல் புஸ்ஸென்று பொங்கியது. "இது மாங்கனீசு தாத்தா." நான் பயந்து ஒரு அடி பின்னால் போனேன். ஐம்பத்தைந்து வருஷமாக எனக்குத் தெரிந்த கல் இப்படிக் கொதிக்கும் என்று எனக்குத் தெரியாது.

குழி இருந்த இடத்தைக் காட்டச் சொன்னார்கள். தரை மேலே ஒரு அடையாளமும் இல்லை. உடைமுள் காடு. கடலுக்குள் மீன் கிடக்கிற பாறைத் திட்டை, பார் என்போம், அதை நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்போம்? கரையில் தெரிகிற இரண்டு அடையாளத்தை ஒரே கோட்டில் வைப்போம். இன்னொரு பக்கம் இன்னும் இரண்டு. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் நங்கூரம். குழிக்கும் நான் அன்றைக்கே அப்படி ஒரு கணக்கு வைத்திருந்தேன். சர்ச் கோபுரம் மலையின் பிளவுக்கு நேரே வர வேண்டும், தெற்கே இரட்டைப் பாறை ஒன்றை ஒன்று மறைக்க வேண்டும். பைய நடந்து நடந்து பார்த்து ஒரு இடத்தில் நின்றேன்.

"இங்கன."

எஸ்தர் சிரித்தாள். "பாத்தியளா, எங்க சித்தப்பாவ."

அன்று மதியம் எனக்காக அணைமீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். பாவம், ஆசையாகச் செய்தது. சேறு வாசனை. நான் முள்ளை மட்டும் சரியாக ஒதுக்கி வைத்துவிட்டு நல்லாயிருக்கு என்று சொன்னேன். நல்லாயிருக்கு என்று சொல்வதில் எனக்கு எப்போதும் தாராளம். அதுதான் பின்னால் என்னை அடித்தது.

வியாழக்கிழமை பொக்லைன் வந்தது. நாலு பேர் பத்து நாள் இறங்கித் தோண்டிய குழியை அது வெற்றிலை போட்டு முடிக்கிற நேரத்தில் தோண்டியது. முழங்கால் ஆழம் வரை கருப்பு. அப்புறம் ஒரு சாண் சிவப்பு. அப்புறம் வெள்ளை. சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் களிமண். இன்னும் தோண்டச் சொன்னாள் எஸ்தர். இன்னும் வெள்ளை. ஆள் உயரத்துக்குக் கீழே போயும் வெள்ளை.

நிவேதா இறங்கிப் பார்த்துவிட்டு மேலே வந்தாள். எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னாள். "மழைத் தண்ணி பாறைக்குள்ள இறங்குமுங்க தாத்தா. பாறையில இருக்குற இரும்பும் மாங்கனீசும் அதுல கொஞ்சூண்டு கரையும். வெயில்ல தண்ணி மேல ஏறி வத்துமில்லைங்களா, அப்ப கரைஞ்சதை மேல விட்டுட்டுப் போயிரும். பல லட்சம் வருசம் இப்படியே நடந்தா மேல ஒரு தோல் மாதிரி படியும். நாம பாக்குற கருப்பு பூராவும் அந்தத் தோல்தானுங்க. பாறை உளுத்துப் போயி அடியில வெறும் களிமண்."

உப்பளம். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. பாத்தியில் தண்ணீர் வற்ற வற்ற மேலே உப்பு பூக்கும். சுரண்டி எடுத்தால் அடியில் சேறு. உப்பைப் பார்த்துவிட்டு அடி வரைக்கும் உப்பு என்று எவனாவது நிலம் வாங்குவானா?

எஸ்தர் ஒத்துக்கொள்ளவில்லை. "இது நாலாம் குழியே இல்லம்மா. அப்பா பதினெட்டு அடி எழுதியிருக்காவ. சித்தப்பாவுக்கு வயசாயிட்டு, இடம் மறந்துட்டு. வேற இடத்துல தோண்டிப் பாப்போம். ஆனா பத்திரம் முடியட்டும். வேற இடத்துல கருப்பு வாரதைப் பரமசிவம் அண்ணாச்சி இப்பவே பாத்துட்டா காட்டைத் தர மாட்டாரு."

"நான் பாத்ததைத்தான் எழுத முடியுமுங்க மேடம்" என்றாள் நிவேதா.

நான் குழி விளிம்பில் உட்கார்ந்து உள்ளே பார்த்தேன். ஒரு பக்கம் மண் உதிரியாக, கலந்து கிடந்தது. பழைய குழியை மூடிய மண். மற்றப் பக்கம் கட்டி மண், குழியின் பழைய சுவர். அந்த வெள்ளைச் சுவரில் கடப்பாரைத் தழும்பு வரிசை வரிசையாக இருந்தது. எல்லாத் தழும்பும் இடது பக்கமிருந்து சாய்ந்து இறங்கியிருந்தது. நான் இடதுகைக்காரன். அந்தக் கூட்டத்தில் இடதுகைக்காரன் நான் ஒருத்தன்தான்.

என் கைதான். இருபத்து மூன்று வயதுக் கை. களிமண் அதை அப்படியே வைத்திருந்தது. அதைத் தொடக் குனிந்தேன். விழுந்துவிடுவேன் என்று நிவேதா ஓடிவந்து பிடித்து, தண்ணீர் கொடுத்தாள்.

இடம் சரி. அப்படியானால் ஞானமுத்து எழுதிய பதினெட்டு அடிக் கருப்பு எங்கிருந்து வந்தது?

தண்ணீர் தொண்டையில் இறங்குகிறபோதே பதில் வந்துவிட்டது. இத்தனை வருஷமாக நான் சிரித்துச் சிரித்துப் பலரிடம் சொன்ன கதைதான் அது.

அதிகாரி சொல்லியிருந்தார், மூன்று அடிக்கு ஒரு பை. அந்த மூன்று அடியிலும் சுவரை மேலிருந்து கீழே ஒரே சீராகச் சுரண்டி, கல்லோ மண்ணோ வருகிறதை அப்படியே போட வேண்டும். முதல் மூன்று குழிக்கும் அவரே பக்கத்தில் நின்றார். நாலாம் குழிக்கு அவருக்குக் காய்ச்சல். கூடாரத்துக்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். ஞானமுத்து கூடாரத்து வாசலில் உட்கார்ந்து, நாங்கள் கொண்டுவருகிற பைக்குச் சீட்டு எழுதிக் கட்டுவார். குழிப்பக்கம் வந்து பார்க்க நேரம் இருக்காது. குழிக்குள் வெள்ளை மண் வந்தது. கூட இருந்த மூன்று பேரும் அதைப் பையில் அள்ளப் போனார்கள். நான்தான் தடுத்தேன்.

"ஏலே, காய்ச்சலோட கெடக்குத மனுசனுக்கு வெறும் மண்ணையா அனுப்புவாக? எங்க ஊருல பங்குச் சாமியாருக்கு மீன் குடுத்து விட்டா கழிவையும் நண்டையும் சேத்தா குடுப்போம்? நல்லதாப் பாத்துப் போடுங்கலே."

மேலே குவித்திருந்த கருங்கல்லில் கனமாகப் பார்த்துப் பொறுக்கி ஒவ்வொரு பையிலும் போட்டோம். ஆறு பை. பதினெட்டு அடி. பையைப் பார்த்து அதிகாரி சந்தோஷப்பட்டார் என்று ஞானமுத்து வந்து சொன்னார். நாங்களும் சந்தோஷப்பட்டோம். சோதனை என்றால் என்ன, எதற்காக அனுப்புகிறார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

என் முன்னால் இரண்டு வழி இருந்தது. வயசாயிட்டு, மறந்துட்டு என்று தலையை ஆட்டினால் போதும். யாரும் என்னை ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எஸ்தர் நாளைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவாள்.

"எஸ்தரு, இங்கன வா. உக்காரு."

"சொல்லுங்க சித்தப்பா."

"இடம் இதுதான். எனக்கு மறக்கல. அந்தச் சுவருல இருக்கது என் கடப்பாரைத் தழும்பு." பையின் கதையைச் சொன்னேன். முதல் தடவையாகச் சிரிக்காமல் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நிவேதா வேறு பக்கம் பார்த்தாள். பொக்லைன்காரர் இயந்திரத்தை அணைத்துவிட்டார்.

"அப்ப அப்பா எழுதுனது பொய்யா?"

"உங்கப்பா எழுதுனது பொய் இல்லம்மா. பைக்குள்ள இருந்த கல்லு நல்ல கல்லு. அந்த ஆழத்துக் கல்லு இல்ல. அது உங்கப்பாவுக்குத் தெரியாது."

"நீங்க ஒரு நாள் அப்பாகிட்ட சொல்லியிருக்கலாம்லா."

"சொல்லுததுக்கு இதுல ஒண்ணு இருக்குன்னே இன்னைக்குத்தான் தெரியும்."

எழுந்து நடந்தாள். வீட்டுக்குப் போகவில்லை, நேரே பரமசிவத்தின் தோட்டத்துக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். அவர் பம்பு ரூமில் உட்கார்ந்து மோட்டாருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நாளைக்குப் பத்திரம் வேண்டாம். நான் வயலைக் குடுக்கல."

அவர் ஆச்சரியப்படவில்லை. துணியில் கையைத் துடைத்தார். "வெள்ளை மண்ணு வந்துட்டோ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எஸ்தர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான்தான் கேட்டேன். "உமக்கு எப்படிவே தெரியும்?"

"மேட்டுக்கு அந்தப் பக்கம் போன கோடையில போர் போட்டேம்லா. மூணு அடியில வெள்ளைக் களிமண்ணு புடிச்சது, குழாய் இறங்க இறங்க அதான்."

"தெரிஞ்சுக்கிட்டா வயலை வாங்க இருந்திய?" என்றாள் எஸ்தர்.

"நானா கேட்டேன் டீச்சர்? நீங்கதான வந்து கேட்டிய. உங்கப்பா எழுதி வச்சிருக்காருன்னு ஊரெல்லாம் சொன்னிய. படிச்ச மனுசன் எழுதுனதை நான் போயி தப்புன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?" அவர் முகத்தில் கள்ளம் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. மரியாதைக்காக நான் பையில் கல்லைப் போட்டேன். மரியாதைக்காக அவர் வாயைத் திறக்கவில்லை. இரண்டு மரியாதைக்கும் நடுவில் ஒரு பெண்பிள்ளையின் வயல் போக இருந்தது.

அங்கிருந்து வயலுக்கு வந்தோம். வழியெல்லாம் அவள் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். நாலு மணிக்கு அவளுடைய தண்ணீர் முறை. மண்வெட்டியை எடுத்துச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள். நடவு முடிந்து இருபது நாள் இருக்கும், நாற்று இப்போதுதான் நிமிர்ந்திருந்தது. வரப்பில் நின்று அந்தப் பச்சையைப் பார்த்தேன். கடலைத் தவிர வேறெதையும் நான் அப்படிப் பார்த்ததில்லை. நாளை இந்நேரம் அது வேறு ஒருவருடையதாக இருந்திருக்கும்.

"அப்பா இருந்தா உங்கள ஒரு சொல்லு சொல்லியிருக்க மாட்டாவ" என்றாள், குனிந்தபடியே. "சிரிச்சிருப்பாவ. எனக்குச் சிரிப்பு வரல."

"வைதுக்கோம்மா."

"வைவேன். இப்ப இல்ல. ஆறட்டும்."

மடையை இரண்டே வெட்டில் திறந்தாள். தண்ணீர் கலங்கலாக வயலுக்குள் திரும்பியது. நிமிர்ந்து என் காலைப் பார்த்தாள்.

"தண்ணி வருது சித்தப்பா. வழியில நிக்காதிய."